சம்பந்தி வீட்டுத் துக்கம்

கேள்வி: மருமகள் பிலிப்பினோ. அவள் அப்பா மணிலாவில் தவறிவிட்டார். டர்பனிலிருந்து போகிறோம். அங்கே எப்படி நடந்துகொள்வது?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: அவசரப்பட்டு அடக்கம் செய்யமாட்டார்கள். பதப்படுத்திய உடலைக் கண்ணாடி மூடிப் பெட்டியில் 3 முதல் 7 நாள் வரை வைத்து, இரவெல்லாம் யாராவது விழித்திருப்பார்கள். இதுதான் ‘லமாய்’. கறுப்போ வெள்ளையோ உடுத்துங்கள், சிவப்பு ஆகாது. மொய்ப்பணத்துக்கு ‘அபுலோய்’ என்று பெயர். உறையில் போட்டு, பெயர் எழுதிக் கொடுங்கள்.

குனிந்து பார்க்கும்போது கண்ணீர் கண்ணாடிமேல் விழக்கூடாது. போகிற ஆத்மாவைத் தடுக்கும் என்பார்கள். பக்கத்திலேயே சீட்டாட்டம் நடக்கும். முகம் சுளிக்காதீர்கள்: தூக்கம் வராமலிருக்கத்தான் அது, ஜெயித்த பணத்தில் ஒரு பங்கும் துக்க வீட்டுக்கே. காபி, பிஸ்கட் தருவார்கள். அங்கேயே சாப்பிடுங்கள், கட்டி எடுத்துவரக் கூடாது.

கிளம்பும்போது வீட்டார் வாசல்வரை வந்து வழியனுப்பமாட்டார்கள். அவமதிப்பு அல்ல, நம் ஊரிலும் சாவு வீட்டில் ‘போய்ட்டு வரேன்’ சொல்வதில்லையே! நேரே தங்குமிடம் போகாமல் கடையிலோ ஓட்டலிலோ கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்கள். ஆவி பின்தொடராமலிருக்க இந்த ‘பக்பக்’.

அடுத்து ஒன்பது நாள் ஜெபம், 40ஆம் நாள், வருட முடிவில் துக்கம் களைதல். ஒன்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது வீட்டுக்கு வீடு மாறும். மருமகளிடம் கேட்டுக்கொண்டு திரும்பும் டிக்கெட்டைப் போடுங்கள்.