தேநீரை வேறு யாராவது கொடுக்கட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 46. ஒன்பது வருடமாக முடக்குவாதம். விடியற்காலையில் விரல்கள் மடங்காது. பதினொரு மணிக்குப் பிறகு ஓரளவு இளகும். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வருகிற கிழமை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று சொன்னார்கள். அன்று முதல் நித்திரை இல்லை. கேற் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. தம்பி வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பித் தரைக்கு மாபிள் பதித்துத் தந்தான். அதைப் பார்த்து என்ன நினைப்பாரோ? மத்தியானம் வந்தால், நான் நடமாடுவதைக் கண்டு நடிக்கிறேன் என்று எழுதிவிடுவாரோ? உண்மையில் நான் அவ்வளவு இயலாதவளா என்று சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது.

வாசகி, பாலையூற்று, திருகோணமலை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரிதான் என்னை வருத்தியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற இயலாதவர் என்றே வரையறை தருகிறது. 'பகுதியாகவோ' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொடுப்பனவைத் தீர்மானிக்க அவர்கள் வேறு விபரங்களும் பார்ப்பார்கள். ஆனால் மத்தியானம் விரல் இளகுவதால் நீங்கள் பொய்க்காரி ஆகிவிட மாட்டீர்கள்.

என் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்திருந்த காலத்தில் இப்படித்தான் ஒருவர் எங்கள் உப்புவெளி வீட்டுக்கு வந்தார். விடிந்ததுமே அம்மா என்னை முற்றம் கூட்டச் சொன்னார். தலை வாரிவிடச் சொல்லி, கோயிலுக்கு உடுக்கிற சேலையை உடுத்திக்கொண்டு இருந்தார். வந்தவர், "நடப்பீர்களா அம்மா?" என்று கேட்டார். "நடப்பேன் தம்பி" என்று சுவரைப் பிடித்து எழும்பிக் குசினி வாசல் வரை நடந்து காட்டினார். தேநீரையும் தானே கொடுக்க வேண்டுமாம். இடக்கையால் நீட்டினால் மரியாதைக் குறைவு என்று, விழுந்த வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்து நீட்டினார். அவர் போன பிறகு இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை.

கொடுப்பனவு கிடைக்கவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. அவர் கண்ணால் கண்டதை எழுதினார். அந்த இரண்டு நாள் அவருக்குத் தெரியாது. பெரியவர்கள் பேசும்போது மறுத்துப் பேசக் கூடாது என்று நானும் பக்கத்தில் வாய் மூடி நின்றேன். அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

அதனால் கேட்கிறேன், அன்று உபசரிப்பை மகளிடமோ அயலவரிடமோ விட்டுவிடுங்கள். வழமையாக உடுக்கிற உடையில், வழமையாக இருக்கிற இடத்தில் இருங்கள். கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே சொல்லி, காலை எட்டு மணிபோல வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் நோய் அந்த நேரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தைக் கேட்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. மத்தியானம்தான் வருவார் என்றாலும் பரவாயில்லை. காலையில் சுடுதண்ணீரில் எவ்வளவு நேரம் கை வைத்த பிறகு சட்டைக் கொளுக்கி போட முடிகிறது, யார் தலை வாருகிறார்கள், சந்தைக்குப் போய்வந்தால் மறுநாள் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு கொப்பியில் இன்றே எழுதி வையுங்கள். நெஞ்சு படபடக்கும்போது எதுவும் நினைவுக்கு வராது; பார்த்து வாசியுங்கள். கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் பக்கத்தில் வைத்திருங்கள். கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அம்மாவைப் போலக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

தரையைப் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. 2023இல் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரச உதவித் திட்டமான அஸ்வெசும வந்து, 22 குறிகாட்டிகளை வைத்து வீடு வீடாக விபரம் எடுத்ததிலிருந்து இங்கே எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. பாய் விரித்து மறைக்காதீர்கள். தம்பி பதித்துத் தந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஈரமான மாபிளில் சுவர் பிடித்துத்தான் நடக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள்.

படிவம் சிங்களத்தில் இருந்தால் விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. முடிவு பாதகமாக வந்தால் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள். எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அன்று பக்கத்தில் இருக்க யாரும் இல்லையென்றால் நாளையே எனக்கு எழுதுங்கள். பாலையூற்று எனக்குத் தூரமில்லை. பஸ் ஏறி வந்து தேநீரை நான் கொடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா