சோலாருக்கு முன் ராத்திரித் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். 300 மாணவிகள் தங்கும் விடுதியும் உண்டு. டேங்கர் செலவும் கரண்ட் பில்லும் வருஷா வருஷம் ஏறுகின்றன. நிர்வாகம் 10 லட்சம் ரூபாய் ஒதுக்கி, சோலார் போடச் சொல்கிறது. அதிலிருந்தே தொடங்கலாமா?

பதில்: வேண்டாம் மேடம். சோலார் அவசியம்தான், ஆனால் அது கடைசி வேலை. இப்போதே போட்டால் வீணாகிற கரண்டுக்கும் சேர்த்துப் பேனல் வாங்குவீர்கள்.

முதலில் தண்ணீர். இரவு 12 மணிக்கு பம்பை நிறுத்திவிட்டு, ஓவர்ஹெட் டேங்கில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலை 4 மணிக்கு மறுபடி பார்க்கட்டும். விடுதியே தூங்குகிற நேரத்தில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க்தான் காரணம், சத்தமே வராது. அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கலந்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு பிளம்பரை வைத்து மொத்த விடுதியையும் சில நாட்களில் முடித்துவிடலாம். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது குடிநீர் வாரியம் ஏரேட்டர்களை (குழாய் முனையில் காற்றைக் கலந்து தண்ணீரைக் குறைக்கும் சிறு மூடி) கட்டாயமாக்கியது நினைவிருக்கும். உங்கள் குழாய்களில் அவை இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இந்த ஊருக்குக் காவிரி சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து பம்ப் செய்யப்பட்டு மேடேறி வருகிறது. இங்கே தண்ணீர் மிச்சமானால் அங்கே கரண்டும் மிச்சம்.

மழைநீரை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் மழை. 1,000 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 80 சதவீதத்தைப் பிடித்தாலே சுமார் 7.75 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் 64. இங்கே மழை ஏப்ரல் முதல் நவம்பர் வரை பிரிந்து பெய்வதால் பெரிய தொட்டி தேவையில்லை. இருக்கிற சம்புக்கு வடிகட்டி வழியாக இறக்கி, மிஞ்சுவதைப் போர்வெல் பக்கத்தில், நிலத்தடிக்குத் தண்ணீர் இறக்கும் ரீசார்ஜ் குழிக்கு விடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மழை கைகொடுக்காது. அந்த நாட்களுக்குத்தான் குழி. ஜெயநகரில் குடிநீர் வாரியத்தின் விஸ்வேஸ்வரய்யா மழைநீர் மையம் இருக்கிறது. பொறியாளரை ஒருமுறை அனுப்பி வையுங்கள்.

அடுத்து ஃபேன். இதில் எல்லோரும் வகுப்பறையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். விடுதியிலிருந்து ஆரம்பிப்பதுதான் சரி. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி என்ற புது வகை ஃபேன் சுமார் 30. வகுப்பறையில் ஆண்டுக்கு 220 நாள், தினம் 8 மணி நேரம் ஓடினால் 79 யூனிட் மிச்சம். விடுதியில் 280 நாள், 14 மணி நேரம் என்றால் 176 யூனிட். யூனிட் 8 ரூபாய், ஃபேன் 2,800 ரூபாய் என்று வைத்தால், விடுதியில் இரண்டு வருஷத்தில் போட்ட காசு திரும்பும். வகுப்பறையில் நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். கீசர்களுக்குப் பதில் சோலார் ஹீட்டரோ ஹீட் பம்போ வைத்தால் பில் இன்னும் இறங்கும். காசே செலவில்லாத வேலையும் ஒன்று உண்டு: மின் நிறுவனமான பெஸ்காமின் பில்லில் 12 மாத அதிகபட்ச டிமாண்ட் (ஒரே நேரத்தில் நீங்கள் இழுத்த உச்சச் சுமை), கான்ட்ராக்ட் டிமாண்டைவிட (நீங்கள் ஒப்பந்தம் போட்டு வாங்கிய சுமை) எப்போதும் மிகக் குறைவாகவே இருந்தால், அதைக் குறைக்க விண்ணப்பியுங்கள். பயன்படுத்தாத சுமைக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுவது நியாயமில்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்காக வாங்கும் கிரீன் ஆடிட் சான்றிதழை இதற்கெல்லாம் நம்ப வேண்டாம். பிளாக் வாரியாகச் சப்-மீட்டர் போட்டு, மாணவிகளையே வாராவாரம் எழுதச் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது.

அப்புறம், நான் ரொம்ப வலியுறுத்தும் விஷயம்: மிச்சமாகும் பணம் பொதுக் கணக்கில் கலந்துவிடக் கூடாது. கலந்தால் அடுத்த வேலைக்கு மறுபடி கை நீட்டிக்கொண்டுதான் நிற்பீர்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் இதற்கென்றே தனி நிதி ஒன்றை நடத்தியது: துறைகளுக்கு முன்பணம் கொடுத்து, குறைந்த பில்லிலிருந்து தவணையாகத் திரும்ப வாங்கியது. உங்கள் 10 லட்சத்தையும் அப்படித் தனிக் கணக்காக்கி, நிர்வாகத்திடம் எழுத்தில் உத்தரவு வாங்குங்கள். வாய்வார்த்தை, செயலாளர் மாறினால் போய்விடும்.

இவை முடிந்து ஓராண்டு பில்லைப் பார்த்தபின் சோலார். பெங்களூரில் ஒரு கிலோவாட் ஆண்டுக்கு 1,400 யூனிட் அளவுக்குத் தரும். சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். உங்கள் பணத்தைத் தொடாமல், சோலார் நிறுவனமே செலவு செய்து பேனல் போட்டு, உங்களிடம் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் ஒப்பந்தமும் உண்டு. அது பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும். ஆகவே மாடியில் வாட்டர்ப்ரூஃபிங்கை முன்பே முடித்துவிடுங்கள். புதிய மாடி எழுப்ப நேர்ந்தால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டு, ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.