கடன்பட்ட நாட்டில் அரச ஊழியருக்குச் சம்பளம் கூட்டியது சரியா?

சரி என்பதே என் பதில். யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன், அதனால் என் பக்கச் சார்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையின் 2025 வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ஆக்கியது. “பதினையாயிரத்துக்கு மேல கூடியிருக்காம்” என்று ஊரெல்லாம் கதை. அதுவரை தனியாகத் தந்த 7,500 ரூபா படிகளை அடிப்படைக்குள் சேர்த்ததைக் கழித்தால் உண்மையான உயர்வு 8,250. அதுவும் 2027 ஜனவரி வரை தவணை தவணையாக. அதே திட்டத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவு குறைகிறதென்று தாதியர் அந்த மார்ச்சிலேயே போராட்டத்தில் இறங்கினார்கள். 2022இல் 70 வீதத்தை எட்டிய பணவீக்கம் பிறகு தணிந்தது, ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. அரச ஊழியர் அவசரத்துக்கு எடுக்கும் இடர்கடனின் தவணையும் வெட்டிய பிறகு கைக்கு வருவதில் வீட்டுவாடகை கட்டிப் பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புவது பெரும்பாடு.

திறைசேரியின் நெருக்கடியும் உண்மைதான். இந்த உயர்வுக்கு முதலாண்டில் மட்டும் 110 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். 2019 கடைசியில் 8 வீதமாக்கிய வற் எனும் பெறுமதி சேர் வரி 2024இல் 18 வீதமானது. பருத்தித்துறையில் கடலுக்குப் போகிறவர் வாங்கும் சவர்க்காரத்திலும் அது இருக்கிறது. அவருக்கு எங்களைப் போல அரச ஊழியர் ஓய்வூதியம் கிடையாது. இதை நினைக்காமல் நாங்கள் சம்பளம் கேட்கக்கூடாது.

ஆனால் திறைசேரிக்குப் பாரம் ஏறியது ஆட்சேர்ப்பில். அரச துறையில் ஏறக்குறைய 13 இலட்சம் பேர். 2020இல் மட்டும் 50,000 பட்டதாரிகளைப் பயிலுனராக எடுக்கத் திட்டமிட்டார்கள். 2017இல் எங்கள் பட்டதாரிகள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் வேலை கேட்டு மாதக்கணக்கில் போராட்டம் இருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1990இல் மூடிய காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஈடாக இங்கே எது வந்தது? கவுண்மேந்து உத்தியோகத்தை விட்டால் வெளிநாடு என்ற நிலையில் பெற்றோர் வேறு எதைச் சொல்வார்கள்? ஆனால் நியமனம் தந்தவர்கள் செய்ய வேலை தரவில்லை. எங்கள் கிளையில் ஒரு மேசைக்கு இரண்டு பேர், வெளிக்களத்துக்குப் போக வாகனமில்லை. அதே மாவட்டத்தில் தீவகப் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் ஆள் பிடிப்பது கடினம். இந்தக் கோணலை நிமிர்த்தாமல் சம்பளத்தை மட்டும் இறுக்கினால், கெட்டிக்கார வைத்தியரும் பொறியியலாளரும்தான் முதலில் விமானம் ஏறுவார்கள். எங்களைப் போன்ற மிகையானவர்களுக்குப் பயிற்சி தந்து, ஆள் இல்லாத இடங்களுக்கு மாற்றட்டும்.

நெடுந்தீவுக்குப் போகச் சொன்னால் நீ போவாயா என்று கேட்பீர்கள். தங்க விடுதியும் போக்குவரத்துப் படியும் தந்தால் போவேன்.