காக்டெயில் விசிலுக்கு பதில் சொல்லுது, பாட்டு போட்டா ஏன் கத்துது?

காவேரிப்பட்டணத்துலேர்ந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுல ஆண் காக்டெயில் (cockatiel, கொண்டை வச்ச சின்ன கிளி வகை) ஒன்னு, எட்டு மாசம் ஆச்சாம். பையன் விசில் அடிச்சா அப்படியே திருப்பி அடிக்குது, ஆனா ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டு போட்டா சில நேரம் தலைய ஆட்டுது, சில நேரம் கொண்டையத் தூக்கிட்டு கத்துது, இது சந்தோஷமா பயமா, தினமும் பாட்டு போடலாமா, பேச வைக்க முடியுமான்னு கேள்வி. மாமியாருக்கு ஒரு பச்சைக்கிளி வாங்கணும்னும் ஆசையாம், அதையும் சொல்றேன்.

காக்டெயில் ஆஸ்திரேலியாவோட வறண்ட பகுதிகள்ல கூட்டமா சுத்தற பறவைங்க. கூட்டாளி கண்ணுக்குத் தெரியலைன்னா ஒரு குரல் கொடுக்கும், அங்கேர்ந்து பதில் வந்துடுச்சுன்னா நிம்மதி. உங்க வீட்டுல அதுக்கு கூட்டம்னா நீங்கதான், அதனால பையனோட விசில அது ஆள் கூப்பிடறதாத்தான் எடுத்துக்குது, பதில் சொல்லுது. நீங்க சமையக்கட்டுக்குள்ள போனதும் கத்த ஆரம்பிக்குதா? அது உங்களைத் தேடுது. போகும்போதே ஒரு சின்ன விசில் கொடுங்க, உள்ளேர்ந்து இன்னொன்னு கொடுங்க, பெரும்பாலும் அடங்கிடும். கத்தினப்புறம் ஓடி வந்து கொஞ்சினீங்கன்னா, கத்தினா ஆள் வருதுன்னு கத்துக்கும், அப்புறம் அதை மாத்தறதுக்குள்ள வீட்டுல எல்லாருக்கும் போதும் போதும்னு ஆயிடும். அது கத்தறத நிறுத்திட்டு மெதுவா விசில் அடிக்கற நேரம் பார்த்து கிட்ட போங்க.

பேச்சை விட விசில் அதுக்கு சுலபம். பறவைக்கு குரல் பிறக்கறது நம்மள மாதிரி தொண்டையில இல்லைங்க, நெஞ்சுக்குள்ள மூச்சுக்குழாய் ரெண்டா பிரியற இடத்துல. உதடும் கிடையாது, அதனால சொல்லு சொல்லறதுக்கு நிறைய சிரமப்படணும், விசில்னா ஒரே சுருதி, நேரா வந்துடும். இன்னொன்னு, பறவைங்களுக்கு காது நல்லா கேக்கறது சுமார் 1000லேர்ந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும், நம்ம விசிலும் பெரும்பாலும் அதுக்குள்ளதான் வரும். ஜப்பான்ல கையில வளர்த்த 3 காக்டெயில வச்சு 2021ல ஒரு ஆய்வு வெளிவந்துது, பழக்கின மெட்டை ஓட விட்டா அதுங்க நேரம் பார்த்து சேர்ந்துக்கிட்டு கூடவே பாடியிருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு அது.

தாளத்துக்கும் ஆதாரம் இருக்கு. அமெரிக்காவுல ஸ்னோபால்னு ஒரு காக்கட்டூ (கொண்டை வச்ச பெரிய கிளி வகை), அதுக்கு பாட்டோட வேகத்தை கூட்டிக் குறைச்சு பார்த்தாங்க, நிறைய நேரம் தப்பினாலும் நடுநடுவுல தாளத்தை சரியா பிடிச்சு ஆடுச்சு, 2009ல வந்த ஆய்வு. 2019ல அதே பறவை 14 விதமா ஆடுதுன்னு எழுதினாங்க, யாரும் பழக்காத அசைவுங்க. எல்லா கிளியும் அப்படி ஆடும்னு எதிர்பார்க்காதீங்க, உங்களது தலைய ஆட்டினாலே சந்தோஷம்தான்.

இப்ப கொண்டைக்கு வருவோம், உங்க கேள்விக்கு பதில் அங்கதான் இருக்கு. கொண்டை பாதி சாஞ்சு, கன்னத்து இறகு லேசா உப்பி, அலகை மெதுவா நறநறன்னு அரைச்சுட்டு இருந்தா அது நிம்மதியா இருக்கு. கொண்டை ஈர்க்குச்சியாட்டம் நேரா நின்னு, உடம்பு ஒல்லியா இழுத்துக்கிட்டு, கண்ணு பெருசா இருந்தா திடுக்கிட்டிருக்குன்னு அர்த்தம், உடனே சத்தத்தைக் குறைங்க. கொண்டை தலையோட ஒட்டி ஸ்ஸ்னு சீறினா கிட்டவே போகாதீங்க, கடிக்கும். நீங்க சொல்றத வச்சுப் பார்த்தா பேஸ் (தும் தும்னு அதிர்ற சத்தம்) அதிகமா வர்ற பாட்டுக்குத்தான் கத்துதுன்னு நினைக்கறேன். ஸ்பீக்கரை கூண்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க, எதிர் மூலையில வச்சு, நீங்க குரல உயர்த்தாம பேசற அளவுக்கு மட்டும் வைங்க. புல்லாங்குழல், வீணை மாதிரி மென்மையா ஆரம்பிங்க, காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி போதும். நாள் முழுக்க ஓட விட்டுட்டு ஆள் வெளிய போறத நான் ஒத்துக்க மாட்டேன், பதிலே சொல்லாத குரலோட அது எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும், பாவம். ராத்திரி 10லேர்ந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும், அப்ப டிவி சத்தமும் வேண்டாம்.

நம்ம பக்கம் ஆடி மாசம் வந்தா மாரியம்மன் பண்டிகைக்கு பம்பை, மைக் செட், வேட்டுன்னு விடிய விடிய நடக்கும். காக்டெயிலுக்கு இருட்டுல திடீர்னு சத்தம் கேட்டா கூண்டுக்குள்ள கண்ணுமண்ணு தெரியாம அடிச்சுக்கும், இறகு ஒடிஞ்சு ரத்தம் கூட வரும். அந்த நாள்ல உள் ரூமுக்கு மாத்துங்க, ஜன்னலை சாத்துங்க, கூண்டுல மூணு பக்கம் மட்டும் துணி போட்டு சின்னதா ஒரு நைட் லேம்ப் எரிய விடுங்க.

பேச்சு வரலாம், ஆணுங்கறதால வாய்ப்பு அதிகம், ஆனா ஏற்கனவே விசில் பழகிடுச்சு, அதனால கொஞ்ச நாளைக்கு புது மெட்டு சொல்லித்தராதீங்க. மொபைல்ல ரெக்கார்ட் பண்ணி திரும்பத் திரும்ப ஓட விடறது வேண்டாம். அலெக்ஸ்ங்கற சாம்பல் கிளிய 2007ல அது சாகற வரைக்கும் பழக்கின அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க், வேற இளம் சாம்பல் கிளிங்களுக்கு வெறும் டேப்பும் வீடியோவும் போட்டுப் பார்த்தாங்க, அதுங்க ஒழுங்கா கத்துக்கல, முன்னாடி ஆள் இருந்து பேசினப்பதான் கத்துக்கிச்சு. தினைக் கதிரை கையில காட்டி "தினை"ன்னு சொல்லிட்டு கொடுங்க, தினமும் ஒரே நேரத்துல, அதே குரல்ல.

பச்சைக்கிளி விஷயம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊரு பச்சைக்கிளிய பிடிக்கறது, விக்கறது, வீட்டுல வளர்க்கறது எல்லாமே குற்றம், சந்தையில யாராவது ஜோசியக்காரன் கிளின்னு கொடுத்தாலும் வாங்காதீங்க. மாமியாரை மாங்கா சீசன்ல காலையில ஒரு தோப்புப் பக்கம் கூட்டிட்டுப் போங்க, கூட்டம் கூட்டமா வரும். பொந்துலேர்ந்து விழுந்த குஞ்சு ஏதாவது கிடைச்சா நீங்களே வச்சுக்காம வனத்துறை ஆபீசுக்கு சொல்லிடுங்க.