ஸ்பானியத்தோடு எந்த மொழியைச் சேர்ப்பது?

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவில் சித்தியடைந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் ஸ்பானிய மொழியை முதன்மைப் பாடமாகப் பயில அனுமதி பெற்றுள்ளேன். கூடவே இன்னோர் அந்நிய மொழியும் கட்டாயம். மூன்று ஆண்டுகளாக யாழ்ப்பாணத்தில் படித்துவரும் பிரெஞ்சையே தொடர்வதா, ஸ்பானியத்துக்கு மிக நெருங்கிய போர்த்துக்கேயத்தைப் புதிதாகத் தொடங்குவதா? இரு மொழிகளும் குழம்பிவிடும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.
- மாணவி, கொக்குவில்

பதில்: பிரெஞ்சையே தொடருங்கள். வீட்டாரின் அச்சம் நியாயமானதே. ஆனால் நெருங்கிய இரு மொழிகளை ஒரே ஆண்டில் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும்போதுதான் அந்தக் குழப்பம் பெரிதாகும்.

போர்த்துக்கேயம் எளிதென்று நமக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1658இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தபின்னும், மேசை, சப்பாத்து, பாண், கதிரை என அவர்களுடைய சொற்கள் நம் வீடுகளில் தங்கிவிட்டன. மேசையை ஸ்பானியரும் 'மேசா' என்பர். சப்பாத்து அவர்களுக்கு 'சப்பாத்தோ'. ஆனால் கதிரைக்கு மூலமான 'கதெய்ரா' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் நினைவில் ஸ்பானியத்தில் 'கதேரா' என்றால், அது இடுப்பையே குறிக்கும். கதிரைக்கு அங்கே 'சியா' என்று பெயர். ஆரம்ப மாணவரை இடறவைப்பது இந்த நெருக்கமே.

பிரெஞ்சிலும் இத்தகைய சொற்கள் உண்டு. ஸ்பானியத்தில் 'சலிர்' என்றால் வெளியே போதல். அதே எழுத்துக்களில் எழுதப்படும் பிரெஞ்சுச் சொல்லுக்கு அழுக்காக்குதல் என்று பொருள். எனினும் பிரெஞ்சுச் சொல்லின் பொருள் உங்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருப்பதால், வேறுபாடு உடனே கண்ணிற்படும். அத்தகைய சோடிகளை ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள்.

நீங்கள் கேளாத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன்: ஸ்பானியத்தை ஆங்கிலத்தின் வழியே அணுகாதீர்கள். 'மே குஸ்தா எல் கஃபே' என்பது 'எனக்குக் கோப்பி பிடிக்கும்' என்ற நம் வாக்கிய அமைப்பையே ஒத்தது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் அங்கே அப்படியே அமையும். 'வந்தேன்' என்றதும் வந்தவர் யாரென்று விகுதியே சொல்லிவிடுவதுபோல ஸ்பானிய வினைகளும் சொல்லும். 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாட்டுக்கு 'தூ', 'உஸ்தெத்' உண்டு. ஆங்கிலத்தை நடுவில் வைத்தால், நமக்கு இயல்பாக விளங்குபவை விதிகளாகிப் பாரமாகும்.

போர்த்துக்கேயத்தில் ஆர்வமிருப்பின், ஸ்பானியத்தில் பி2 எனப்படும் மேல் இடைநிலைத் தேர்ச்சியை எட்டியபின் தொடங்கலாம். அதுவரை, பயணத்துக்கு முன்னுள்ள மாதங்களிலும் பிரெஞ்சு வகுப்பை இடையில் நிறுத்தாதீர்கள்.