பதினொரு பத்திரம், ஒரு சார்ட் பேப்பர்

கேள்வி: தாத்தா 1962-ல் வாங்கிய 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சையை, அவர் காலமான பிறகு 1984-ல் அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவரும் ஆளுக்கு 40 சென்ட் என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். 1991-ல் அப்பா 25 சென்ட் விற்றார். அதற்குப் பிறகும் ஏதேதோ நடந்திருக்கிறது. கையில் 11 பத்திரங்களும் வில்லங்கச் சான்றுகளும் இருக்கின்றன. மூன்று முறை வாசித்துவிட்டேன், தலைதான் சுற்றுகிறது. வக்கீலிடம் போகும் முன் நானே புரிந்துகொள்ள வழி உண்டா?
– மன்னார்குடி வாசகி

பதில்: நான்காவது முறை வாசிக்காதீர்கள். ஒவ்வொரு பத்திரமும் அதனதன் பரிவர்த்தனையை மட்டும்தான் பேசும். மிச்சம் எவ்வளவு, யார் கையெழுத்து விட்டுப்போனது என்பதெல்லாம் எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்காது. அதைக் காகிதத்தில் வரைந்துதான் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அசலைப் பீரோவில் வையுங்கள். பத்திரத்துக்கு ஒரு சீட்டு, அஞ்சலட்டை அளவு போதும். அதில் ஐந்தே விவரம்: பத்திர எண்ணும் ஆண்டும், என்ன வகை (கிரயம், பாகப்பிரிவினை, தானம், அடமானம்), யாரிடமிருந்து யாருக்கு, சர்வே எண், பரப்பு. பதிவு எண் ஒவ்வொரு ஆண்டும் 1-லிருந்து தொடங்கும். ஆண்டு இல்லாமல் எண்ணை மட்டும் குறித்தால் இரண்டு பத்திரம் ஒன்றாகத் தெரியும். சீட்டுகளைத் தரையில் தேதி வரிசையில் பரப்பி, வரிசை சரியான பிறகு சார்ட் பேப்பருக்கு மாற்றுங்கள். எடுத்தவுடன் சார்ட்டில் எழுதினால் அடித்துத் திருத்தியே தாள் பாழாகும்.

மேலே 1962, ஒரே கட்டம், 120 சென்ட். 1984-ல் அதிலிருந்து மூன்று கிளை, தலா 40. அப்பாவின் கிளையில் 1991, கழித்தல் 25, மிச்சம் 15. ஒவ்வொரு கட்டத்திலும் மிச்சத்தை எழுதிக்கொண்டே இறங்குங்கள். இந்தப் படத்தின் உயிரே அந்த மிச்சக் கணக்குதான். 15 சென்ட் இருக்கும் இடத்தில் பின்னால் வந்த ஒரு தானப் பத்திரம் 20 சென்ட் என்று சொன்னால், 5 சென்ட் இடிப்பது அங்கேயே தெரிந்துவிடும். தனித்தனியாக வாசிக்கும்போது இரண்டு பத்திரமும் சரியாகத்தான் தோன்றும்.

அளவு மாறுவது இன்னொரு தொல்லை. பத்திரம் சென்ட்டில் பேசும், பட்டா ஹெக்டேர்–ஏரில் பேசும். 1 ஏர் என்பது 2.47 சென்ட். பட்டாவில் 0–06.0 (0 ஹெக்டேர், 6 ஏர்) என்று இருந்தால் அது 6 சென்ட் அல்ல, 14.82 சென்ட், உங்கள் 15-க்கு அதுவே பொருத்தம். எல்லாவற்றையும் சென்ட்டாக்கிய பிறகே கூட்டிக் கழியுங்கள். சர்வே எண் பாதியில் மாறியிருந்தால் பயப்பட வேண்டாம். 1980-களில் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) நடந்தபோது பல ஊர்களில் எண்கள் மாறின. பழைய எண்ணும் புது எண்ணும் அ-பதிவேட்டில் (ஊரின் எல்லா நிலத்துக்குமான வருவாய்த்துறைப் பதிவேடு) பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

இரண்டாவது படம் வம்சாவளி. தாத்தாவில் தொடங்கி எல்லாரையும் போடுங்கள், அத்தைமார்களையும் சேர்த்து. இறந்தவர்களுக்கு இறந்த தேதி. பிறகு 1984 பாகப்பத்திரத்தை எடுத்து, அதில் கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவிக்கும் மகள்களுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. வட்டம் விழாத பாட்டி, வட்டம் விழாத அத்தை யாராவது இருந்தால் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

மூன்றாவது, நிலத்தின் நான்கெல்லைப் படம். படித்தவர்களே சறுக்கும் இடம் இது. ‘சுப்பையன் நிலத்துக்கு வடக்கு’ என்று எழுதியிருந்தால் சுப்பையன் வடக்கில் இல்லை, தெற்கில் இருக்கிறார். உங்கள் நிலம்தான் அவருக்கு வடக்கே கிடக்கிறது. ‘வடபுறம் சுப்பையன் நிலம்’ என்று இருந்தால் அப்படியே வடக்கு. ஒரே கட்டில் இரண்டு எழுத்து முறையும் கலந்து வரும். வாசிக்க வாசிக்க வரைந்தால், ஒரே பக்கத்தில் இருவர் வந்து மோதும்போது தப்பு தெரிந்துவிடும். பக்கத்து நிலம் கைமாறியிருந்தால் பெயர் மட்டும் மாறியிருக்கும். அது பிழையல்ல, படத்தில் பழைய பெயரின் கீழ் புதுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் புலப்படத்தோடு (அந்த சர்வே எண்ணுக்கு அரசு அளந்து வரைந்த படம்) ஒப்பிடுங்கள்.

வில்லங்கச் சான்று என்பது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல். அதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சான்றில் ஒரு பதிவு இருந்தும் அதற்குச் சீட்டு இல்லையென்றால் அந்தப் பத்திரம் உங்கள் கைக்கு வரவில்லை. அதன் நகலுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடுங்கள். பதிவாகாத உயிலும், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதும் சான்றில் வராது. அவற்றைப் பெரியப்பா வீட்டில் விசாரித்து பென்சிலால் புள்ளிக்கோடு போடுங்கள், பேனாவால் வேண்டாம்.

சார்ட்டில் நிரப்ப முடியாத இடங்களை வெற்றாகவே விடுங்கள், ஊகித்து எழுதாதீர்கள். வக்கீல் முதலில் பார்க்கப் போவது அவற்றைத்தான். அசலைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அவரிடம் விட்டுவர நகல் போதும்.