மலாயாவின் தொழிற்சங்க ஆலோசகர்கள்: கேள்வி பதில்

கேள்வி: தொழிற்சங்கத்தையே விரும்பாத காலனி அரசு, சங்கம் நடத்தக் கற்றுக்கொடுக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது ஏன்?

பதில்: குடியேற்ற நாடுகளில் சங்கங்களைச் சட்டப்படி அனுமதிக்குமாறு காலனி அமைச்சர் பாஸ்ஃபீல்ட் பிரபு 1930-இலேயே சுற்றறிக்கை அனுப்பினார்; ஆளுநர்கள் பலர் அதைக் கிடப்பில் போட்டார்கள். 1937-இல் டிரினிடாடிலும் 1938-இல் ஜமைக்காவிலும் தொழிலாளர் கலவரம் வெடித்த பிறகே லண்டன் விழித்துக்கொண்டது. 1938-இல் மேஜர் ஆர்ட் பிரவுன் காலனி அமைச்சரின் தொழிலாளர் ஆலோசகரானார். சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் நாடுகளுக்கே வளர்ச்சி நிதி என்ற நிபந்தனை 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது. கருணையைவிட அச்சமே இங்கு வேலை செய்தது என்பது என் கருத்து.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு வந்த தொழிலாளர் அதிகாரி தமிழே பேசுவார் என்று தாத்தா சொல்வார். அவர் இருக்கும்போது தொழிற்சங்க ஆலோசகர் என்று இன்னொருவர் எதற்கு?

பதில்: தாத்தா சொன்னது சரிதான். தொழிலாளர் இலாகாவுக்கென எடுக்கப்பட்ட இளம் அதிகாரிகள் தென்னிந்தியாவுக்கு அனுப்பப்பட்டுத் தமிழ் கற்றார்கள். ஆனால் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தையும் குடிநீரையும் சம்பளப் புத்தகத்தையும் சோதிப்பதும், ஒவ்வொரு கூலிக்காரரின் புகாரைத் தனித்தனியே கேட்பதும்தான் அவர்கள் வேலை. தொழிலாளர்கள் கூட்டாகத் திரண்டு வந்து பேசினால் அந்த அதிகாரிகளில் பலருக்கு அது கலகமாகவே தோன்றியது. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. சம்பளப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு இப்படிப்பட்ட குறை எங்கே தெரியப்போகிறது? நாதனை நாடு கடத்தினார்கள்; படையை வரவழைத்துத் துப்பாக்கிச்சூடும் நடத்தினார்கள்.

கேள்வி: ஆலோசகர் பதவிக்கு எப்படிப்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: ஆட்சிப் பணியிலிருந்து அல்லாமல், பிரிட்டிஷ் சங்கங்களிலிருந்தே பெரும்பாலும் எடுத்தார்கள். போர் முடிந்ததும் மலாயாவுக்கு வந்த ஜான் பிரேசியர் ரயில்வே சங்கத்துக்காரர். விதிமுறை எழுதுவது, சந்தாவுக்கு ரசீது கொடுப்பது, வரவு செலவைத் தணிக்கைக்குத் தயாராக்குவது போன்றவற்றைச் சங்கத்தினருக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. நிர்வாகத்தில் பதவி உயர்வுக்கு வழியில்லாத, கட்டளையிடும் அதிகாரமும் இல்லாத பணி அது. மொழியறிந்த அதிகாரிக்குச் சங்கம் தெரியாது, சங்கமறிந்த ஆலோசகரோ மொழிக்குப் பிறரை நம்பவேண்டும் என்ற நிலையே இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை என்பேன்.

கேள்வி: ஆலோசகர் நடுநிலையாக இருந்தாரா?

பதில்: இல்லை, இருக்கவும் முடியாது. கம்யூனிஸ்ட் செல்வாக்குள்ள அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்கு வெளியே மிதவாதச் சங்கங்களை வளர்ப்பதும் அவர் பணியின் பகுதியாக இருந்தது. ஆலோசகர் ஒரு கையால் கொடுத்ததை, சங்கங்களைப் பதிவுசெய்யும் அரசுப் பதிவாளர் மறு கையால் பறித்துக்கொள்ளலாம், இருவருக்கும் சம்பளம் தருவது ஒரே அரசு. தொழிற்சங்கச் சட்டத்தின் 1948-ஆம் ஆண்டுத் திருத்தம், செயலாளர் நீங்கலான நிர்வாகிகளுக்கு அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றும், ஒரே தொழிலின் சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாகலாம் என்றும் விதித்தது. சம்மேளனம் அத்துடன் முடிந்தது. அதன் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, ஆயுதம் வைத்திருந்ததாகத் தண்டிக்கப்பட்டு, 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

கேள்வி: ஆப்பிரிக்காவிலும் இப்படி ஆள் அனுப்பினார்களா?

பதில்: ஆம். வட ரொடீசியாவின் (இன்றைய சாம்பியா) செம்புச் சுரங்கங்களுக்கு வில்லியம் காம்ரியும், கென்யாவுக்கு ஜேம்ஸ் பேட்ரிக்கும் 1947-இல் சென்றனர்.

கேள்வி: அப்படியானால் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிரேசியரின் பிள்ளைதானா?

பதில்: அப்படிச் சொல்வது அந்தச் சங்கத்தின் தலைவரான பி. பி. நாராயணனுக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் அலைந்து சந்தா திரட்டியவர்களுக்கும் இழைக்கும் அநீதி. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து அது உருவானபோது பிரேசியர் வளர்த்த மிதவாதச் சூழல் உதவியது உண்மை. எதிர்த்தரப்புச் சங்கங்களை அரசு முன்பே அகற்றிவிட்டிருந்ததும் அதே அளவுக்கு உதவியது.